மூக்கடைப்பும் கற்பூரமும்



குழந்தைக்கு மூக்கடைத்தால் நம் வீடுகளில் முதலில் தேடுவது கண்ணேறு கழிக்கும் மிளகாயை, அடுத்தது கற்பூரத்தை. மிளகாயைச் சுற்றி நெருப்பிலிட்டால் வீடெல்லாம் கமறுமே யொழிய அடைப்பு நீங்காது. கற்பூரமோ அதனினும் கேடு. எண்ணெயில் காய்ச்சி மார்பிலும் மூக்கிலும் தடவுகிறோம். அது தோல் வழியாகவும் உள்ளேறி வலிப்பை உண்டாக்கக்கூடிய விஷமாகும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையிடம் அதைக் கொண்டுபோகவே கூடாதென்கிறோம்.

அடைப்பென்பது சளி மாத்திரமல்ல. ஜலதோஷத்தில் மூக்கின் உள்சவ்வே வீங்கிவிடுகிறது. (எவ்வளவு சிந்தினாலும் திறவாததற்குக் காரணம் இதுதான்.) கைக்குழந்தை பெரும்பாலும் மூக்காலேயே மூச்சு விடுவதால், அடைத்தால் பால் குடிக்க மாட்டாமல் அழுகிறது. காய்ச்சி ஆறிய தண்ணீர் 240 மில்லியில் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, பால் கொடுக்குமுன் ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டொரு சொட்டு விட்டுச் சளியைத் துடையுங்கள். தினம் புதிதாய்க் கரைக்கவேண்டும். உப்புக்கு என்ன பஞ்சம்?

பெரியவர்களுக்கும் இதுவே போதும். ஆவி பிடிப்பது சுகந்தான்; ஆனால் கொதிக்கும் பாத்திரத்தருகே பிள்ளைகளை விடாதீர்கள். கடைச் சொட்டு மருந்தை மூன்று நாளுக்குமேல் போட்டால் அடைப்பு முன்னிலும் பலமாய்த் திரும்பும்.

குழந்தை பாலை மறுத்தாலும், மூச்சிழுக்கையில் விலா ஒட்டினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். மிளகாய் சுற்றுவதைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம்.