தலைமையாசிரியருக்குத் தெரியாத பாடம்



பள்ளி இடைவேளையில் தாய்மொழியான ஸ்பானியத்தில் பேசிவிட்டாள் ஒரு சிறுமி. விரல் முட்டியில் அடிக்கோலால் மூன்று அடி. இன்னொரு நாள், தன் பெயரை எப்படி உச்சரிப்பது என்று ஆசிரியருக்குச் சொல்லப் போனாள். எதிர்த்துப் பேசுகிறாள் என்று மூலையில் நிறுத்திவிட்டார்கள்.

அவள்தான் கிளோரியா அன்சால்டுவா. 1942-இல், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துத் தென்கோடியில், மெக்சிகோ எல்லையோரம் பிறந்தவர். அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் பலர் அரசியல் உணர்வோடு சூடிக்கொண்ட பெயர் 'சிக்கானா'. அன்சால்டுவாவும் தம்மை அப்படித்தான் சொல்லிக்கொண்டார்.

சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். வயல் வேலை செய்துகொண்டே படித்தார். பான் அமெரிக்கன் கல்லூரியில் சேர்ந்தால் அங்கேயும் விடவில்லை. சிக்கானோ, அதாவது மெக்சிகோ வம்சாவளி மாணவர்கள் எல்லாரும் இரண்டு பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்தே ஆகவேண்டும். எதற்கு? அவர்கள் பேசும் ஆங்கிலத்தில் ஒட்டியிருந்த ஸ்பானியச் சாயலைத் துடைத்தெடுக்க!

1969-இல் பட்டம் பெற்று ஆசிரியரானார். உயர்நிலைப் பள்ளியில் பாடமெல்லாம் அமெரிக்க, ஆங்கில இலக்கியம்தான். எதிரே இருப்பவர்களோ சிக்கானோ பிள்ளைகள். அவர்கள் இனத்து எழுத்தையும் சேர்க்கலாமே என்றார். தலைமையாசிரியர் கூடாது என்றார். அன்சால்டுவா என்ன செய்தார் தெரியுமா? வெளியில் மூச்சுவிடக்கூடாது என்று மாணவர்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, சிக்கானோ சிறுகதைகளையும் கவிதைகளையும் ஒரு நாடகத்தையும் நடத்தினார். அந்த வகுப்பில் ஒரு நாளாவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கல்லூரிகளில் பன்மைத்துவம் என்றதும், யார் யாருக்கு இடம் கிடைத்தது என்று சேர்க்கைப் பட்டியலைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியதுதான். அன்சால்டுவா அதோடு பாடநூல் பட்டியலையும் பார்த்தவர்.

பிறகு ஆஸ்டின் நகரில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் படிப்பு. சிக்கானோ இலக்கியத்தை ஆய்வுத் துறையாக அங்கே ஏற்கவில்லை. 1977-இல் கலிபோர்னியா போய்விட்டார். 1981-இல் எழுத்தாளர் செர்ரி மொராகாவோடு சேர்ந்து வெள்ளையரல்லாத பெண்களின் எழுத்தைத் தொகுத்தார். 1987-இல் அவருடைய 'பார்டர்லேண்ட்ஸ்' நூல் வந்தது. ஆங்கிலமும் ஸ்பானியமும் கலந்த நடை; பல இடங்களில் மொழிபெயர்ப்பே கிடையாது. புரியாதவர்கள் கொஞ்சம் சிரமப்படட்டுமே என்பதுபோல!

2004-இல் நீரிழிவு நோய் அவரைக் கொண்டுபோனது. சாண்டா குரூஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் அளித்தபோது அவர் உயிரோடு இல்லை.

அவருடைய கையெழுத்துப் படிகள் இப்போது எங்கே இருக்கின்றன? ஆஸ்டினில். அதே டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் பென்சன் நூலகத்தில். அவரை ஆராய வருகிறவர்கள் அங்கே போய்த்தான் கேட்டு வாங்குகிறார்கள்.