இல்லை, அன்று, அல்ல
(ஆரணியில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "இது பட்டு இல்லை" என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் சுழித்தேன். அவள் எழுந்து, "ஐயா, நான் பொய் எழுதல. எரிச்சுப் பார்த்தா உருகி உருண்டையாகும். பட்டுன்னா முடி கருகுற வாசம் வரும்" என்றாள். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. நூலைப் பற்றி அவள் சொன்னது முழுக்கச் சரி. நான் திருத்தியது சொல்லை. அவள் புரிந்துகொண்டதோ, தன் அறிவையே நான் மறுத்ததாக. காரணம் சொல்லாமல் சுழித்த பிழை என்னுடையது.

மறுநாள் ஒரு தறியைக் கரும்பலகையில் வரைந்தேன். "தறியில் பாவு இருக்கிறதா?" என்று கேட்டேன். "இல்லை" என்றார்கள். ஊடை நூலைக் காட்டி, "இது பாவா?" என்றேன். அதற்கும் "இல்லை" என்றார்கள். பேச்சுத் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். எழுத்தில் அவை பிரிகின்றன. 'இருக்கிறதா?' என்ற கேள்விக்கு விடை 'இல்லை'. 'அதுவா?' என்ற கேள்விக்கு விடை 'அன்று' அல்லது 'அல்ல'. "இதில் பட்டு இல்லை" என்றால் பட்டு கலக்கவில்லை. "இது பட்டு அன்று" என்றால் இப்பொருள் வேறு. எந்தக் கேள்விக்கு விடை எழுதுகிறோம் என்று பிள்ளைகள் தங்களையே கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது எண். ஒருமைக்கு 'அன்று': இது பாவு அன்று. பன்மைக்கு 'அல்ல': இவை பட்டு நூல்கள் அல்ல. உயர்திணைக்கு அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர். தன்மையில் நான் அல்லேன், நாம் அல்லோம். முன்னிலையில் நீ அல்லை, நீர் அல்லீர். 'இல்லை' மட்டும் மாறாது. ஐம்பாலுக்கும் மூன்று இடங்களுக்கும் பொதுவான சொற்களாக வேறு, உண்டு ஆகியவற்றோடு இதனையும் நன்னூல் கூறுகிறது.

'அன்று' என்பதற்கு 'அந்த நாள்' என்ற பொருளும் இருப்பதால் பிள்ளைகள் தயங்குவார்கள். "அன்று மழை பெய்தது", "அது மழை அன்று" என்ற இரு தொடர்களை அருகருகே எழுதிக் காட்டுங்கள், தெளிவார்கள்.

இன்றைய செய்தித்தாள்களில் எல்லாவற்றுக்கும் 'அல்ல' என்றே எழுதுவதைப் பிள்ளைகள் காண்கிறார்கள். அதை மறைக்க வேண்டாம். தேர்வில் வழுவை நீக்கி எழுதும்போது இலக்கண மரபைப் பின்பற்ற வேண்டும் என்று வேறுபடுத்திச் சொல்வோம்.

இப்போது நான் வெறுமனே சுழிப்பதில்லை. "வீட்டில் இப்படிச் சொல்வோம், எழுதும்போது இப்படி எழுதுவோம்" என்று ஓரத்தில் எழுதுகிறேன். வீட்டு மொழி பிழை அன்று. எழுத்து மொழிக்கு அதுவே முதல் படி.