யாருதுடா இந்தத் துப்பாக்கி?

(கோவையில் அம்பேத்கர் பிறந்தநாளை ஒட்டி நடந்த அரங்கக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. மதராஸ் ரெஜிமென்ட்ல 17 வருஷம் இருந்தவன். அங்க கேக்கத்தான் சொல்லிக்குடுப்பாங்க, பேசச் சொல்லிக்குடுக்க மாட்டாங்க. ‘தலித்துகளும் ஆயுத உரிமமும்’னு நோட்டீஸ்ல போட்டிருக்கறதப் பாத்துட்டு உளவுப் பிரிவுக்காரங்க ரெண்டு பேராவது பின்னாடி வந்து உக்காந்திருப்பாங்க. வணக்கமுங்க. நான் சட்டத்துக்குள்ள நின்னுதான் பேசப்போறேன். பிரிவு எண்ணோட சொல்றேன், எழுதிக்குங்க.

2001இல் ஓய்வு பெற்று வந்தேன். முன்னாள் ராணுவத்தினன் என்ற வகையில் உரிமம் கிடைத்தது. 12 போர் ஒத்தக் குழல் துப்பாக்கி ஒன்று வாங்கினேன். கோயமுத்தூரில் ஒரு வங்கி வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பேன். சொந்தத் துப்பாக்கி வச்சிருந்தால்தான் அந்த வேலை. நீலச் சட்டை, தொப்பி, தோள்ல துப்பாக்கி. ஒன்பது வருஷம் அப்படியே இருந்தேன். போலீஸ் ஜீப் அந்த வாசல்ல எத்தனையோ தடவை நின்னிருக்கு. ஒருத்தரும் உரிமத்தக் காட்டுன்னு கேட்டதில்ல. சில ஏட்டய்யாக்கள் டீ கூட வாங்கிக் குடுத்தாங்க. அடுத்தவன் பணத்தக் காக்கற வரைக்கும் அந்தத் துப்பாக்கிக்குச் சாதி இல்லை.

2011 ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல். தேர்தல் அறிவிச்சா உரிமம் வச்சிருக்கறவங்க துப்பாக்கியக் காவல் நிலையத்துல ஒப்படைக்கணும்னு உங்களுக்குத் தெரியும். வங்கிக் காவலருக்கு விலக்கு உண்டு. ஆனா எனக்கு அப்ப கான்ட்ராக்ட் முடிஞ்சு, அடுத்த வேலை கிடைக்காத நேரம். அதனால ஒப்படைக்கக் கிளம்பினேன். வீட்டுக்காரி காக்கிக் கித்தான்ல உறை தைச்சுக் குடுத்திருந்தா. குண்டு இல்லாத துப்பாக்கிய அதுல போட்டு, நாடாவக் கட்டி, உரிமப் புத்தகத்தச் சட்டைப்பையில வச்சிட்டுப் போனேன்.

எங்க ஊர் அவினாசிப் பக்கம். எங்க வளவுல இருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போக ரெண்டு வழி. இட்டேரி வழியாச் சுத்திப் போகலாம், ஊர்த்தெரு வழியா நேராப் போகலாம். எங்கப்பன் காலத்துல செருப்பக் கையில எடுத்துக்கிட்டுப் போன தெரு அது. நான் அன்னைக்கு நேரா அந்தத் தெரு வழியாத்தான் போனேன். வேணும்னே போனியான்னு அப்புறம் பல பேர் கேட்டாங்க. வெயிலு, தூரம்னு சொன்னேன். இப்ப உங்ககிட்டச் சொல்றேன், வேணும்னேதான் போனேன்.

பஸ் ஸ்டாப்புக்கு நான் போய்ச் சேர்றதுக்குள்ள போன் போயிருச்சு. பத்து நிமிஷத்துல ஜீப். இறங்குன எஸ்.ஐ.க்கு என் மகன் வயசு கொஞ்சம் கூட இருக்கும். முதல் கேள்வி: “யாருதுடா இந்தத் துப்பாக்கி?”

என்னுதுங்க சார்னு சொல்லி உரிமத்த நீட்டினேன். ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 19இன்படி போலீஸ் அதிகாரி உரிமத்தக் காட்டச் சொல்லிக் கேக்கலாம். கேட்டா நாம காட்டணும். காட்டியாச்சுன்னா அதோட முடியணும். அவர் என் போட்டோவப் பாத்தார், என்னைப் பாத்தார், முத்திரையப் பாத்தார். “எந்தத் தோட்டத்துல வேலை பாக்கற? கவுண்டர் துப்பாக்கியா?” என்று திரும்பவும் கேட்டார். என் பேர்ல இருக்கற காகிதம் அவர் கையில இருக்கு. ஆனாலும் அந்தத் துப்பாக்கிக்கு ஒரு கவுண்டர் இருந்தாகணும்.

ஸ்டேஷன்ல மூணு மணி நேரம் நிக்க வச்சாங்க. அடிக்கலை, அதையும் சொல்லணும். “சக்கிலிப் பயலுக்கெல்லாம் எவன்யா லைசென்ஸ் குடுத்தான்”னு ஒருத்தர் பக்கத்து ரூம்ல சொன்னது எனக்குக் கேக்கணும்னுதான் சொன்னது.

அந்த நேரத்துல எங்க ஊர்த் தோட்டத்துக்காரர் ஒருத்தர் புல்லட்ல வந்தார். அவரும் ஒப்படைக்கத்தான் வந்தார். ரெட்டைக் குழல் துப்பாக்கி, உறையில்லாம தோள்ல தொங்குது. நாலு கிலோமீட்டர் ரோட்டுல அப்படியேதான் வந்திருக்கார். யாரும் போன் பண்ணலை. அவருக்கு நாற்காலி வந்துச்சு, டீ வந்துச்சு, ரசீது வந்துச்சு. எழுந்திரிக்கும்போது என்னைப் பாத்தார். “அட, இது நம்ம வளவுப் பையனுங்க. மிலிட்டரில இருந்தவன். நல்ல பையன்” என்றார். எனக்கு அப்ப 45 வயசு.

அஞ்சு நிமிஷத்துல எனக்கும் ரசீது போட்டுக் குடுத்தாங்க.

தோழர்களே, அவர் கெட்டவர் இல்லை. உதவிதான் செஞ்சார். அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் செரிக்கலை. மாவட்ட ஆட்சியரின் கையெழுத்தும் அரசாங்க முத்திரையும் செய்யாத வேலையை அவருடைய வாய்ச்சொல் செய்தது. எனக்கு உரிமம் கொடுத்தது அரசு. ஆனால் அந்த ஸ்டேஷனுக்குள் அதைச் செல்லுபடியாக்கியது ஆதிக்கச் சாதி.

அதுக்கப்புறம்தான் நான் சட்டப் புத்தகம் வாங்கினேன்.

1878இல் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்கள் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. இதைத் தேசிய அவமானம் என்று காங்கிரஸ்காரர்கள் பேசினார்கள். 1931 கராச்சித் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்த்தார்கள். சரிதான். ஆனால் லிட்டனுக்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே நம்மிடமிருந்து ஆயுதம் பறிக்கப்பட்டுவிட்டதே, அந்த அவமானத்தைப் பற்றி எந்தத் தீர்மானம் பேசியது? இருபிறப்பாளன் ஆயுதம் எடுக்கலாம் என்கிறது மனு. மற்றவன் எடுத்தால் அது குற்றம். இந்த நாட்டு உழைக்கும் மக்கள் இவ்வளவு கொடுமைக்குப் பிறகும் ஏன் கலகம் செய்யவில்லை என்ற கேள்விக்கு, 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் சொன்ன விடைகளில் ஒன்று, நால்வருணம் அவர்களை ஆயுதமற்றவர்களாக்கிவிட்டது என்பது.

உடனே யாரும் கைதட்ட வேண்டாம். அதே அம்பேத்கர், 1948இல் அரசியல் நிர்ணய சபையில் காமத் ஆயுத உரிமையை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அதை ஏற்கவில்லை. இது முரண்பாடு என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டுப்பாடு இல்லாமல் ஆளுக்கொரு துப்பாக்கி என்றால் கொங்கு நாட்டில் யார் கையில் எத்தனை இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். வெண்மணியில் 1968இல் 44 பேரை எரிப்பதற்கு முன்னால் நிலவுடைமைக் கும்பல் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டுதான் வந்தது.

அதனால்தான் 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். விதி 3, உட்பிரிவு 1. வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். அந்தப் பகுதியில் தேவைப்பட்டால் தலித் அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசு ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். ஐந்தாவதாக, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாகப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்கலாம். இது ஏதோ தீவிரவாத இயக்கத்தின் துண்டறிக்கை அல்ல, இந்திய அரசிதழில் வந்தது. நம்ம வழக்கறிஞர்களே பல பேர் இந்த விதியைச் சொன்னா “அப்படியா?”ன்னு கேக்கறாங்க.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவனுடையதை எடு, பிறகு இவனுக்குக் கொடு. நாம் கேட்கும்போது ஐந்தாவதை மட்டும் கேட்கிறோம். நான் முதலில் கேட்கச் சொல்வது மூன்றாவதை.

2016 மார்ச் 13ஆம் தேதி உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். பட்டப்பகல், ஊரே பார்க்கிறது, கேமராவில் பதிவாகிறது. கௌசல்யா உயிர் தப்பினார். அதற்கு முந்தைய வருஷம்தான் ஓமலூர் கோகுல்ராஜ் ரயில் தண்டவாளத்தில் கிடந்தார். அந்த வழக்கில் தண்டனை வர 2022 ஆனது. சங்கர் கொலைக்கு அப்புறம் எங்க வளவுல இருந்து திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போற பசங்க மூணு பேர் என்கிட்ட வந்தாங்க. அதுல ஒருத்தன் சாதி மாறிக் கல்யாணம் பண்ணினவன். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வரும்போது பைக்ல பின்னாடியே வர்றாங்க மாமா, உங்களாட்ட லைசென்ஸ் வாங்க வழி சொல்லுங்கன்னு கேட்டான்.

துப்பாக்கி இருந்திருந்தா சங்கர் பொழைச்சிருப்பாரா? நான் துப்பாக்கியோட வாழ்ந்தவன், பொய் சொல்ல மாட்டேன். அந்தத் தாக்குதல் கொஞ்ச நேரத்துல முடிஞ்சுபோச்சு. துணிக்கடைப் பையக் கையில வச்சிருக்கறவன், பின்னாடி வர்ற அரிவாளுக்கு எதிரா என்னத்த எடுக்க முடியும்? அந்தப் பசங்ககிட்டயும் இதத்தான் சொன்னேன். என் வீட்டுக்காரி இன்னும் ஒரு படி மேல போய், “உன்னுகிட்ட ஒண்ணு இருக்குதுன்னா அவிககிட்ட நூறு இருக்குது. ஜெயிலுக்கும் நம்ம பசங்கதான் போவாங்க” என்றாள். அவ சொன்னதுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்லை.

ஆனாலும் விண்ணப்பம் எழுதினோம். ஏன்னா, விண்ணப்பம் போட்டா அரசு ஒரு பதில் எழுதணும். அச்சுறுத்தல் இருக்கு அல்லது இல்லைன்னு யாராவது கையெழுத்துப் போட்டாகணும். பயிர்ப் பாதுகாப்புன்னு கேட்டா உரிமம் சுலபமாக் கிடைக்கும், சட்டத்துலயே அதுக்குன்னு தனி வழி இருக்கு. ஆனா நமக்குப் பயிர் எங்க இருக்கு? பன்றி வந்து மேய்றதுக்கு ஒரு செண்டு நிலம் வேணுமே. சொத்து இல்லைங்கற காரணத்துக்காக மட்டும் உரிமத்த மறுக்கக் கூடாதுன்னு ஆயுதச் சட்டத்தோட பிரிவு 14(2) சொல்லுது. அதையும் விண்ணப்பத்துல எழுதினோம்.

அறிக்கை கேட்டு அது போய்ச் சேர்ந்த இடம் எது? பிரிவு 13(2)இன்படி பக்கத்துக் காவல் நிலையம். அதே ஸ்டேஷன். மூணு பேருக்கும் ஒரே மாதிரி ரெண்டு வரி வந்துச்சு: உயிருக்கு அச்சுறுத்தல் இருப்பதாகத் தெரியவில்லை. எங்க ஊர் ‘அடையாளம் காணப்பட்ட பகுதி’ இல்லையாம். ஏன் இல்லைன்னா, அடையாளம் கண்டா அங்க சாதி இருக்குன்னு ஒத்துக்கணும். ரெட்டை டம்ளர் இருக்கற டீக்கடையில உக்காந்து டீ குடிச்சிட்டுத்தான் அந்த அறிக்கைய எழுதியிருக்காங்க.

கறுப்பின மக்களின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் பெயரைக் கடன் வாங்கியது அவர்களிடம்தான், மதுரையில் மலைச்சாமி வழியாக அது நமக்கும் வந்தது. 1966இல் ஓக்லண்ட் நகரில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் கறுஞ்சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கியபோது, கலிபோர்னியாவில் துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்திச் செல்வது சட்டப்படி சரி. போலீஸ் ஒரு கறுப்பரை நிறுத்தினால் இவர்கள் துப்பாக்கியும் சட்டப் புத்தகமுமாகச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பார்கள். அவ்வளவுதான். 1967 மே 2ஆம் தேதி சுமார் 30 பேர் துப்பாக்கியோடு மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குள் போனார்கள். அதே ஜூலையில் ஆளுநர் ரீகன் கையெழுத்தோடு சட்டம் மாறிவிட்டது. வெள்ளையன் ஏந்திய காலமெல்லாம் உரிமையாக இருந்தது, கறுப்பன் ஏந்தியதும் ஆபத்தாகிவிட்டது.

2016 ஜூலை 6, மினசோட்டா. பிலாண்டோ காஸ்டில், 32 வயது. காரை போலீஸ் நிறுத்துகிறது. என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவராகவே மரியாதையாகச் சொல்கிறார். உரிமம் உள்ளவர். அடுத்த சில நொடிகளில் சுட்டுவிட்டார்கள். காருக்குள் நாலு வயதுக் குழந்தை இருந்தது. சுட்ட அதிகாரியை அடுத்த வருஷம் விடுவித்துவிட்டார்கள். அதைப் படிச்சப்ப எனக்கு அந்த பஸ் ஸ்டாப்தான் ஞாபகம் வந்துச்சு. நான் உரிமத்த எடுக்கச் சட்டைப்பைக்குள்ள கையவிட்ட அந்த நொடி. நம்ம எஸ்.ஐ. இடுப்புலயும் ஒண்ணு இருந்துச்சு.

துப்பாக்கியக் கொண்டு போறதுக்கும் இப்ப கட்டுப்பாடு வந்துருச்சு. 2016 ஆயுத விதிகள்படி பொது இடத்துல உறையில போட்டுத்தான் கொண்டு போகணும், வெளிய எடுத்துக் காட்டக் கூடாது. நல்ல விதி. எங்க வீட்டுக்காரி அதை அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே தைச்சுட்டா. கோயில் நோம்பியில, கல்யாண ஊர்வலத்துல வானத்தப் பாத்துச் சுடறவங்களுக்கும் இந்த விதி உண்டான்னு யாராவது ஸ்டேஷன்ல கேட்டுச் சொல்லுங்க.

நாம செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. மாவட்ட ஆட்சியர் தலைமையில விழிப்பு, கண்காணிப்புக் குழுன்னு ஒண்ணு விதி 17இல் இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூடணும். அங்க போய் ரெண்டு கேள்வி எழுத்துல குடுங்க. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்கள்ல எந்தெந்த ஊரை அடையாளம் கண்டிருக்கீங்க? அந்த ஊர்கள்ல யார் யார்கிட்ட ஆயுத உரிமம் இருக்கு, எதுக்குன்னு குடுத்தீங்க? பதில் வரலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. பேர் குடுக்க மாட்டாங்க, எண்ணிக்கை குடுக்கலாம். அந்த எண்ணிக்கை வந்தா, மூணாவது உட்பிரிவப் பத்திப் பேச நம்மகிட்ட ஒரு காகிதம் இருக்கும்.

என் உரிமம் போன வருஷம் காலாவதியாச்சு. புதுப்பிக்கக் குடுத்தேன். இப்ப வங்கி வேலை இல்லையே, உனக்கு எதுக்குத் துப்பாக்கின்னு கேட்டாங்க. தற்காப்புன்னு எழுதினேன். யாருகிட்ட இருந்துன்னு கேட்டாங்க. அதையும் எழுதணுமான்னு நான் கேட்டேன். மறுத்துட்டாங்க. அந்த மூணு பசங்களும் எங்கூட உக்காந்து மேல்முறையீடு எழுதியிருக்காங்க, இந்தத் தடவை விதி 3இன் எல்லா உட்பிரிவையும் சேர்த்து. விசாரணைக்கு இன்னும் நாள் குடுக்கலை. துப்பாக்கி ஸ்டேஷன்ல இருக்கு. ரசீது இதோ, என்கிட்ட இருக்கு. இந்தத் தடவை யாரும் வந்து நல்ல பையன்னு சொல்லாம வாங்கினது.