காரணத்துக்கும் ஒரு காரணம் உண்டு



நிறுவனங்கள் தங்கள் பிரச்சினைகளைத் தீர்ப்பது எப்படி என்பது இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. நான் நிர்வாகவியல் படித்தவள் அல்லள். தகவல் தொடர்புத் துறையில் பட்டயப் படிப்பு முடித்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தவள். அதனால் பாடநூலைத் திறக்காமல், நம்மில் பெரும்பாலோர் நாள்தோறும் ஏறி இறங்கும் பெருவிரைவு ரயிலை வைத்தே பேசுகிறேன்.

2011 டிசம்பர் 15ஆம் தேதி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம். வடக்கு – தெற்குப் பாதையில் ரயில்கள் நின்றுவிட்டன. சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்ட பயணிகள் காற்றில்லாமல் தவித்தார்கள். ஒருவர் தீயணைப்புக் கருவியை எடுத்துச் சன்னல் கண்ணாடியை உடைத்தார். இரண்டு நாள் கழித்து, 17ஆம் தேதி, அதே பாதை மறுபடியும் முடங்கியது. முதல் முறை சுமார் 127,000 பயணிகள், இரண்டாம் முறை சுமார் 94,000 பயணிகள் பாதிக்கப்பட்டார்கள்.

என்ன நடந்தது? ரயிலுக்கு மின்சாரம் கொடுப்பது பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளம். அதைக் கீழே விழாமல் தாங்கிப் பிடிக்க வரிசையாகக் கவ்விகள் இருக்கும். அந்தக் கவ்விகளில் சில கழன்றன, மின் தண்டவாளம் தொய்ந்தது. தொய்ந்த தண்டவாளம் ரயிலில் மின்சாரம் வாங்கும் பாகத்தைச் சேதப்படுத்தியது. ரயில் நின்றது.

இதற்கு மருந்து என்ன? கழன்ற கவ்வியைத் திரும்ப மாட்டுவதுதான் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அதற்கு முன்பே அது நடந்திருந்தது. மின்கம்பிகளைக் கத்தையாகக் கட்டுவதற்கு இரும்புச் சாமான் கடையில் பாக்கெட்டாக விற்பார்களே, பிளாஸ்டிக் கேபிள் டை, அதைக் கொண்டு சில கவ்விகளைக் கட்டி வைத்திருந்தார்கள். தற்காலிக ஏற்பாடு என்பது நிறுவனம் தந்த விளக்கம். அந்தப் படம் பத்திரிகையில் வந்தபோது ஊரே சிரித்தது. நான் அப்போது பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. நாங்களும் சிரித்தோம். இப்போது யோசித்தால் சிரிப்பு வரவில்லை. கவ்வி கழன்றதை யாரோ ஓர் ஊழியர் பார்த்திருக்கிறார். பார்த்ததும் சும்மா போகவில்லை. தன் கைக்கு எட்டியதைச் செய்திருக்கிறார். "ஏன் கழல்கிறது?" என்ற கேள்விதான் மேலே போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டது அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு. 2012ஆம் ஆண்டு பொதுமக்கள் முன்னிலையில் வாரக்கணக்கில் விசாரித்தார்கள். கவ்விகள் கழன்றதற்குக் காரணம் அதிர்வு. அதிர்வுக்குக் காரணம் சக்கரங்களிலும் தண்டவாளத்திலும் இருந்த தேய்மானமும் குறைபாடும். அந்தக் கவ்வியின் வடிவமைப்பும் அதிர்வைத் தாங்கப் போதவில்லை. இவற்றுக்கெல்லாம் பின்னால் பராமரிப்பில் இருந்த குறைகள். சம்பவங்களைத் தவிர்த்திருக்கலாம் என்பது குழுவின் முடிவு. எஸ்எம்ஆர்டி நிறுவனத்துக்கு 2 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. நேயர்களே, கவ்வியில் தொடங்கிய விசாரணை எங்கே போய் நின்றது பாருங்கள். கேபிள் டை எத்தனை கட்டினாலும் சக்கரத்தின் தேய்மானம் தீருமா?

இப்படிக் காரணத்துக்குக் காரணம் தேடிக்கொண்டே போவதைத்தான் மூலகாரண ஆய்வு என்கிறார்கள். நமக்கு இது புதிதல்ல. மருந்து என்ற அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவருக்குச் சொல்லும் வரிசையைப் பள்ளியில் எல்லாரும் மனனம் செய்திருக்கிறோம். அதை நான் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. தொழிற்சாலைக்குள் இதை ஒரு பழக்கமாகக் கொண்டுவந்தவர்கள் டொயோட்டா நிறுவனத்தார். அதன் உற்பத்தி முறையை உருவாக்கிய தாய்ச்சி ஓனோ, 1978ல் வெளிவந்த தம் நூலில் ஒரு சிறிய கணக்குப் போட்டுக் காட்டுகிறார்.

ஓர் இயந்திரம் நின்றுவிடுகிறது. ஏன்? மின்சுமை கூடி ஃபியூஸ் போய்விட்டது. ஏன் சுமை கூடியது? பேரிங்கில் போதுமான எண்ணெய் இல்லை. ஏன் இல்லை? எண்ணெய் பம்பு சரியாக இறைக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி பொருத்தவில்லை, இரும்புத் துகள் உள்ளே புகுந்துவிட்டது.

முதல் பதிலோடு நிறுத்தினால் புது ஃபியூஸ் போடுவோம். சில மாதங்களில் அதுவும் போகும். நான்காவது பதிலில் நிறுத்தினால் பம்பை மாற்றுவோம். செலவு கூடும், கொஞ்ச நாள் கழித்து அதே கதைதான். ஐந்தாவது பதிலில் கிடைப்பது ஒரு வடிகட்டி. விலையில் அதுதான் மலிவானதாக இருக்கும்!

கேட்க எளிதாக இருக்கிறது. அலுவலகத்தில் செய்து பார்த்தால்தான் சிரமம் தெரியும். நம் ஊரில் ஏதாவது தவறு நடந்தால் முதலில் வரும் கேள்வி "ஏன்" அல்ல, "யார்". "யார் செய்தது?" என்று கேட்ட நிமிடத்தில் அறையில் இருக்கிற எல்லாருக்கும் வாய் அடைத்துவிடும். தெரிந்தவர் சொல்லமாட்டார். தெரியாதவர் நிறையச் சொல்வார்.

எங்கள் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு படப்பிடிப்புக் கூடத்தில் நேரலை நிகழ்ச்சி நடக்கும்போது விருந்தினரின் ஒலிவாங்கி அடிக்கடி செத்துப்போகும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்பது உடனே தெரிந்துவிடும். ஒலிப் பிரிவு உதவியாளரைக் கூப்பிட்டுக் கண்டிப்பார்கள். அந்தத் தம்பி தலை குனிந்து கேட்டுக்கொள்வார். அடுத்த மாதம் வேறொரு தம்பி அதே இடத்தில் நிற்பார். ஒரு நாள் ஒலிப் பிரிவுக்குப் புதிதாக வந்த மூத்தவர் ஒருவர் உதவியாளரை உட்கார வைத்து, "தம்பி, பேட்டரியை எங்கேயிருந்து எடுக்கிறீர்கள், காட்டுங்கள்" என்றார். ஒரே டப்பாவில் புதியதும் பாதி தீர்ந்ததும் கலந்து கிடந்தன. ஏன் கலந்தன? ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்கப் பத்து நிமிடந்தான். கழற்றியதைத் தனியாக வைக்க நேரமில்லை, இடமும் இல்லை. சில மாதங்களுக்கு முன் நிகழ்ச்சி அட்டவணையை நெருக்கியபோது கூடத்தில் வேலை செய்பவர்களை யாரும் கேட்கவில்லை. இரண்டாவதாக ஒரு டப்பா வைத்தார்கள், இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினார்கள். கண்டிப்பதற்கு ஆள் தேவைப்படவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். விடை அந்தத் தம்பியிடம்தான் இருந்தது. அவரை எப்படிக் கேட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

யார்மேலும் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. வேண்டுமென்றே பொய்க் கையெழுத்துப் போட்டவருக்குத் தண்டனை வேண்டும். 2017 அக்டோபரில் பீஷான் அருகே ரயில் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்ததே, அந்த விசாரணையில் செய்யாத பராமரிப்பு வேலையைச் செய்ததாகப் பதிவேட்டில் எழுதியிருந்தது தெரியவந்தது. தண்டிப்பது சரி. அதோடு இன்னொரு கேள்வியும் வேண்டும். அத்தனை மாதங்களாக அந்தப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தவர்களுக்கு ஏன் சந்தேகம் வரவில்லை?

இனி 2024க்கு வருவோம். செப்டம்பர் 25ஆம் தேதி கிழக்கு – மேற்குப் பாதையில் கோளாறு கண்ட பழைய ரயில் ஒன்றிலிருந்து பயணிகளை இறக்கிவிட்டு, அதை உலு பாண்டான் பணிமனைக்குக் கொண்டு போனார்கள். போகும் வழியில் சக்கர அச்சைத் தாங்கும் பெட்டி கழன்று விழுந்தது. சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் பாதை நாசமாயிற்று. 46 இடங்களில் தண்டவாளம் உடைந்தது. அக்டோபர் 1ஆம் தேதிதான் சேவை வழக்க நிலைக்குத் திரும்பியது.

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விசாரணை அறிக்கை 2025 ஜூன் மாதம் வந்தது. பேரிங்கில் இருந்த கிரீஸ் கெட்டுப்போய், வெப்பம் மிகுந்து, பெட்டி உடைந்திருக்கலாம் என்றது. "இருக்கலாம்" என்றே எழுதினார்கள். உடைந்து சிதறிய பாகங்களை வைத்து அதற்குமேல் உறுதி சொல்ல முடியவில்லை. அறியாததை அறிந்ததாகக் காட்டிக்கொள்ளாத அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

ஆனால் கிரீசோடு அவர்கள் நிற்கவில்லை. அந்தப் பாகத்தை 500,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். பழைய ரயில்களுக்கு அந்த வரம்பை முதலில் 575,000 என்றும், பிறகு 750,000 என்றும் நீட்டியிருந்தார்கள். அந்த ரயில் புதுப்பிக்கப்படாமல் 690,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது. ஏன் நீட்டினார்கள்? ஓய்வுபெறப் போகிற ரயில்கள். அவற்றின் இடத்துக்கு வரவேண்டிய புதிய ரயில்கள் கிருமித்தொற்றுக் காலத்தில் தாமதமாயின. காரணம் புரிகிறது. ஆனால் நீட்டினால் என்ன ஆபத்து என்று போதிய அளவு ஆராயவில்லை.

எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த விவரம் வேறு. அன்று காலையில் பாதையோரக் கருவி ஒன்று அந்த அச்சுப் பெட்டியின் வெப்பத்தை 118 டிகிரி என்று பதிவு செய்தது! ஆனால் எந்த ரயில் என்ற எண் அந்தப் பதிவில் விழவில்லை. பணியில் இருந்தவர் அது கருவியின் தவறான அளவு என்று எடுத்துக்கொண்டார். "யார்" என்று கேட்பவருக்கு இங்கே உடனே ஆள் கிடைத்துவிடும். "ஏன்" என்று கேட்பவருக்கு வேலை இங்கேதான் ஆரம்பம். எண் ஏன் விழவில்லை? எண் இல்லாத எச்சரிக்கை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாராவது எழுதிக் கொடுத்திருந்தார்களா? எஸ்எம்ஆர்டிக்கு இம்முறை 2.4 மில்லியன் வெள்ளி அபராதம். அபராதம் ரயிலுக்கு எண் ஒட்டாது.

ஐந்து முறை "ஏன்" கேட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சில பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே பிரச்சினையை நிதிப் பிரிவும் பொறியியல் பிரிவும் தனித்தனியே ஐந்து முறை கேட்டால், இரண்டு வேறு வேர்களில் போய் நிற்கும். பெரும்பாலும் அடுத்த பிரிவின் தோட்டத்தில்! அதனால்தான் ஜப்பானியரான கௌரு இஷிகாவா மீன் எலும்பு போல ஒரு படம் வரையச் சொன்னார். மீன் தலைக் கறி சாப்பிடும் நமக்கு அது விளங்கும். தலை பிரச்சினை, முட்கள் காரணங்கள். ஆள், இயந்திரம், பொருள், செய்முறை என்று ஒவ்வொரு முள்ளாகத் தடவிப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் தொண்டையில் குத்தும்.

சில சமயம் எல்லா முள்ளையும் தடவினாலும் பிடிபடாது. 2016ல் வட்டப் பாதையில் அப்படித்தான் ஆயிற்று. ஆகஸ்ட் மாதத்திலிருந்து ஓட்டுநரில்லா ரயில்கள் நடுவழியில் சமிக்ஞை இழந்து, அவசர பிரேக் போட்டுத் தாமாக நின்றன. பிறகு சற்று அடங்கி, நவம்பரில் மறுபடியும் வந்தது. குறிப்பிட்ட நேரமா? இல்லை. குறிப்பிட்ட நிலையமா? இல்லை. குறிப்பிட்ட ரயிலா? அதுவும் இல்லை. அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக்கின் தரவு ஆய்வாளர்களிடம் பதிவுகளைக் கொடுத்தார்கள். அவர்கள் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ரயில் கால அட்டவணைக்குப் பயன்பட்ட பழைய வரைபட முறை ஒன்றை எடுத்தார்கள். ஒரு பக்கம் நேரம், மறுபக்கம் நிலையங்கள். சம்பவங்களைப் புள்ளியாக வைத்தபோது அவை ஒரு கோட்டில் நகர்ந்தன. ஒரு ரயில் நின்றது, சற்று நேரத்தில் அதற்குப் பின்னால் வந்த ரயில் நின்றது, பிறகு அதற்கும் பின்னால் வந்தது. அப்படியானால் எதிர்த்திசையில் ஏதோ ஒன்று இவற்றைக் கடந்து போகிறது!

இத்தனை நாளும் நின்றுபோன ரயில்களையே சோதித்துக்கொண்டிருந்தார்கள். நின்றவை பாதிக்கப்பட்டவை. பாதித்த ரயில் நிற்கவே இல்லை, அதனால் அது எந்தப் பட்டியலிலும் இல்லை. பதிவுகளைத் தேடியபோது பிவி 46 என்ற ரயில் கிடைத்தது.

அதோடு அறிக்கை எழுதி முடித்துவிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நவம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து அந்த ரயிலையே மறுபடியும் பாதையில் ஓட்டிப் பார்த்தார்கள். அது போன வழியில் மற்ற ரயில்கள் தொடர்பு இழந்தன. அதன் சமிக்ஞைக் கருவி பழுதாகித் தவறான அலைகளை அனுப்பிக்கொண்டிருந்தது.

இங்கே தொழில் நடத்துபவர்கள் இருக்கிறீர்கள், சங்கப் பொறுப்பில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் கோப்புகளில் "ஊழியருக்கு அறிவுறுத்தப்பட்டது, மறுபயிற்சி அளிக்கப்பட்டது" என்று முடிகிற அறிக்கைகள் எத்தனை இருக்கின்றன என்று நாளைக்கு எண்ணிப் பாருங்கள். அவற்றில் எத்தனை பிரச்சினைகள் ஆறு மாதத்துக்குள் திரும்ப வந்தன என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், அந்த வேலையைக் கையால் செய்கிறவரையும் அழைத்து உட்கார வையுங்கள்.

நெறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். உங்கள் கேள்விகளுக்கு நேரம் விட்டு நான் அமர்கிறேன்.