பாறையைப் பிளக்கும் நீர்

(பெருந்துறையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆயிரம் அடி துளைத்தும் ஈரங்காணாத ஆழ்துளைக் கிணறுகள் பெருந்துறை வட்டாரத்துக்குப் புதியன அல்ல. கொங்கு நிலத்தின் அடியில் கிடப்பது வன்பாறை; நீர் இருப்பது அதன் வெடிப்புகளில்தான். தூர்ந்துபோன வெடிப்பை நீரைக்கொண்டே திறக்கும் முறையைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் கையாண்டுள்ளது. 'ஐட்ரோ பிராக்சரிங்' என்பார் ஆங்கிலத்தில். 'நீர்ப்பிளப்பு' என்றால் உழவர் எவர்க்கும் விளங்குமே!

துளையினுள், உறைகுழாய்க்குக் கீழே, உறுதியான பாறையில் ஓர் அடைப்பானை இறக்கிப் புடைக்கச் செய்வர். அதன் கீழே எக்கியால் நீரைச் செலுத்துவர். அடைபட்ட நீரில் ஓரிடத்துத் தந்த அழுத்தம் எப்புறமும் குறையாது பரவும். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாசுக்கல் விளக்கிய உண்மை இது. 33 அடி உயர நீர் ஒரு வளியழுத்தத்திற்கு ஈடு. 1,000 அடி நீரின் அடியில் அது ஏறத்தாழ 30. பாறையோ நீரைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு எடையுள்ளது. அதே ஆழத்தில் கிடைவெடிப்பின்மேல் அமர்ந்துள்ள சுமை 80 வளியழுத்தம். நிரம்பிய கிணறும் தானாக வெடிப்பைத் திறவாமைக்குக் கரணியம் இதுவே. எஞ்சிய அழுத்தத்தை எக்கி தரவேண்டும்.

அழுத்தமானியின் முள் ஏறிக்கொண்டே போகும்; திடுமென இறங்கும். எக்கி பழுதாயிற்றென்று அஞ்சவேண்டா. வெடிப்பு வாய்திறந்தது என்பதே பொருள். இடுக்கில் ஓடும் நீரை அதன் பிசுப்பும் பாறைச் சுவரும் பிடித்திழுக்கும். இடுக்கின் அகலம் இருமடங்கானால் அதே அழுத்தத்தில் ஓட்டம் எண்மடங்காகும். மயிரிழை விரிந்தாலே வறண்ட கிணறு ஊறத்தொடங்குவது இதனால்தான்.

எரிவளி எடுப்பில் இம்முறை 1947-இல் அமெரிக்கக் கான்சாசு மாநிலத்தில் முதன்முதல் ஆய்ந்து பார்க்கப்பட்டது. அங்கே நீரோடு மணலும் வேதிப்பொருள்களும் செல்கின்றன. பிளவு மூடாதவாறு மணல் முட்டுக்கொடுக்கிறது. காவிரிப் படுகையில் புதிய எண்ணெய், எரிவளிக் கிணறுகளை 2020-இல் தமிழ்நாட்டுச் சட்டம் தடுத்தது. வெறும் நீரைச் செலுத்தும் கிணற்றுப் பிளப்பும் அதுவும் ஒன்றல்ல. இரண்டையும் குழப்பி உழவரை அச்சுறுத்துவது தவறு. ஒன்றைக் காட்டி மற்றதற்கு ஒப்புதல் வாங்குவது அதனினும் தவறு.

ஆயினும் நீர்ப்பிளப்பு நீரை உண்டாக்குவதில்லை, வழியைத்தான் உண்டாக்குகிறது. அவ்வழி நன்னீரையும் சாயக்கழிவையும் பிரித்தறியாது. சென்னிமலைக்கு அணித்தேயுள்ள ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்திற்கென்று கட்டப்பெற்றுத் திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாய்ப் போயிற்று. பெருந்துறைத் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஊரினரும் தம் கிணற்றுநீர் கெட்டதென முறையிட்டு வந்துள்ளனர். இத்தகைய இடங்களில் எக்கியை இயக்குமுன் நீராய்வு வேண்டும்; அதன் முடிவு உழவர் கையில் தமிழில் இருத்தல்வேண்டும்.

இது மிகையான கேட்பா? 2020-இல் தில்லி அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிடுக எனத் தில்லி உயர்நீதிமன்றம் அவ்வாண்டு சூன் 30-இல் ஆணையிட்டது. அந்த ஆணையை எதிர்த்துத் தில்லி அரசு உச்சநீதிமன்றம் சென்றது.