கூட்டம் கலைந்த பின்



துணிவையும் கடமையையும் பற்றி உரையாற்றுமாறு பணித்துள்ளீர்கள். பொதுப்பட எவ்வளவும் பேசலாம், கேட்போரும் கைதட்டுவர். யானோ ஒருவர் வாழ்வை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன்.

வ. உ. சிதம்பரனார் 1906-இல் தூத்துக்குடியில் வெள்ளையரை எதிர்த்துக் கப்பற் குழுமம் கண்டார். 1908-இல் நூற்பாலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். அவ்வாண்டே இருபதும் இருபதுமாக நாற்பதாண்டு ஒறுப்புப் பெற்றார். சுப்பிரமணிய சிவாவுக்குத் துணைநின்றதற்கே இரண்டாவது இருபது! கோவைச் சிறையில் செக்கிழுத்தார். இவ்வளவும் பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிப்பர், மதிப்பெண்ணும் பெறுவர்.

அதன் பின்?

மேல்முறையீட்டால் ஒறுப்புக் குறைந்து, 1912-ஆம் ஆண்டின் இறுதியில் சிறைக்கதவு திறந்தது. ஆர்த்து வரவேற்கப் பெருங்கூட்டம் எதுவும் வாயிலில் இல்லை. குழுமம் கலைந்துவிட்டது, கப்பல்கள் கைமாறிவிட்டன, வழக்குரைஞர் உரிமமும் பறிபோயிற்று. எஞ்சியவை குடும்பமும் வறுமையுமே. ஆயிரவர் சூழ நிற்கையில் நெஞ்சுயர்த்துதல் அரிதன்று. ஒருவரும் நோக்காதபோது அவர் என்ன செய்தார் என்பதையே யான் காண விழைகின்றேன்.

சிறையிலிருந்தபோதே மெய்யறிவு, மெய்யறம் என்னும் அறநூல்களை இயற்றினார். குறள்நெறியைத் தழுவிய மெய்யறம் மாணவரியலில் தொடங்கி மெய்யியலில் முடிகின்றது. செக்கிழுத்துக் காய்த்த கை, அறத்தை மாணவரிடத்திலிருந்து தொடங்கிற்று! ஆசிரியத் தொழில் பூண்ட எமக்கு இதனினும் பெரிய பாராட்டு வேண்டுமோ? வெளிவந்தபின் வறுமைக்கிடையிலும் 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையுடன் பதிப்பித்தார். தொல்காப்பிய இளம்பூரணர் உரைப் பதிப்பிலும் உழைத்தார்.

இன்னொன்று. கேட்டு நம்மிற் சிலர் முகஞ்சுளிக்கலாம். இழந்த உரிமத்தை அவர் மீளப்பெறத் துணைபுரிந்தவர் வாலேசு என்னும் வெள்ளைக்கார நடுவர். அந்நன்றியை மறவாது, தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார் சிதம்பரனார். தமிழ்ப்பெயர் இல்லையே என்பார் ஒருவர். பகைவர் இனத்தான் பெயராயிற்றே என்பார் மற்றொருவர். பெயரில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் அப் பெயரை இட்ட நெஞ்சின்முன் தலைவணங்குகின்றேன். அயலாட்சியை எதிர்த்தது கடமை. அவ்வினத்தானாயினும் உதவினவனை நினைந்ததும் கடமை. முன்னதைக் காட்டிப் பின்னதைத் தட்டிக்கழிக்க அவர் முற்படவில்லை. நாமாயின் எத்துணை எளிதாகத் தட்டிக்கழித்திருப்போம்!

1936-இல் நோய்ப்படுக்கையில் தம் இறுதி விருப்ப ஆவணத்தை எழுதுவித்தார். நாட்டுக்காகத் தாம் இழந்ததைக் கணக்கிட்டு எவரிடமும் கேட்கவில்லை. கடைகளுக்கும் பிறர்க்கும் தாம் தரவேண்டிய கடன்களையே ஒவ்வொன்றாகக் குறிக்கச் செய்தார்.