குத்தூசியை அடியில் குத்துங்கள்!

(தலைப்பு: ஓர் ஊர்த் தொடக்கப் பள்ளியின் தரத்தைக் காட்டுவது கட்டடமா? கற்பித்தலா? ‘கற்பித்தலே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியிலே புயலாக வீசிவிட்டு, இப்போது அமைதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற அன்புத் தங்கை அவர்களே! நடவு வேலையை முடித்துவிட்டுக் குடவாசலிலே வந்து கூடியிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்திருக்கிற நேயர்களே!

தங்கை பேசும்போது ஒரு பழமொழி சொன்னாங்க. ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். வாசலைப் பார்த்தாலே பள்ளிக்கூடம் தெரிஞ்சுடும். பரிசு வாங்கின ஒரு பிள்ளையைப் பார்த்தாலே பாடம் தெரிஞ்சுடும்’ என்றார்கள். கைதட்டலும் வாங்கிட்டாங்க. நானும் தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, ஒரு சோறு எப்போது பதமாகும்? ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு என்றால் பதமாகும். பள்ளிக்கூடத்திலே எல்லாப் பிள்ளையும் ஒரே அரிசியா? ஒருத்தன் வீட்டிலே அம்மா உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். இன்னொருத்தன் வீட்டிலே அம்மா நாற்று பறிக்கப் போய்விட்டாள். முதல் பிள்ளையைப் பார்த்தால் அந்த வீடு தெரியும். பள்ளிக்கூடம் எங்கே தெரியும்?

இது நெல் விளைகிற ஊர். உங்களுக்குத் தெரியாதது இல்லை. நெல் மூட்டை வாங்க வருகிற வியாபாரி மூட்டையின் வாயைப் பார்த்தா விலை சொல்கிறார்? மேலே பொன்னு மாதிரி கொட்டி வைத்திருப்போம் என்று அவருக்குத் தெரியும். (சிரிப்பு) குத்தூசியை எடுத்து அடியிலே ஒரு குத்துக் குத்துவார். அடியிலிருந்து வருகிற நெல்லைக் கையிலே கொட்டி, ஒன்றைக் கடித்துப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் விலை! நெல்லுக்குக் குத்தூசி வைத்திருக்கிற தஞ்சைச் சீமைக்காரர்கள், பிள்ளையைச் சேர்க்கிற பள்ளிக்கு மட்டும் மூட்டையின் வாயைப் பார்த்து விலை சொல்லலாமா? (கைதட்டல்)

கட்டடம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல இந்த மண்ணிலே எவனுக்கும் வாய் வராது. இங்கேயிருந்து கும்பகோணம் எத்தனை தூரம்? 2004 ஜூலை 16. சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 பிள்ளைகள். காலையிலே தலை சீவி அனுப்பிய பிள்ளைகள். அதனால் சொல்கிறேன், தீப்பிடிக்காத கூரையும், இடியாத சுவரும், ஓடி வெளியேற வழியும் பள்ளிக்கூடம் என்று பெயர் வைப்பதற்கே முதல் தகுதி. அதைக் காட்டித் தரம் என்று பெருமை பேச முடியாது. அது இல்லாத இடத்திலே பிள்ளையை விடவே கூடாது. அது இருக்கிற இடத்திலேதான் தரம் என்ன என்கிற கேள்வியே தொடங்குகிறது.

என் அக்கா மகள் குடவாசல் பக்கத்துக் கிராமத்திலே இருக்கிறாள். மாப்பிள்ளை அறுவடை மெஷின் ஓட்டுகிறார். ஐந்து வயதிலே ஒரு பெண் குழந்தை. போன வருஷம் ஐப்பசியிலே வந்து நின்றாள். “மாமா, அடுத்த வருஷத்துக்கு இப்பவே சீட்டுப் போடணுமாம். வேன் வாசலுக்கே வருது. பீசுக்கு இந்த ரெண்டு வளையலையும் வச்சுடலாம்னு இருக்கேன். யூனியன் ஸ்கூல் முந்நூறு அடியிலே இருக்கு. நம்பிச் சேக்கலாமா? நீங்க புரொபசரு, பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

நடுவர் அவர்களே, நான் முனைவர் பட்டம் வாங்கினவன். சிலப்பதிகாரத்தைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதினவன். ஒண்ணாம் வகுப்பை எடை போடச் சொன்னால் திருதிருவென்று முழித்தேன்! (சிரிப்பு)

முதலில் அந்த வேனிலே போகிற பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். ஆங்கிலப் பாடம் கடகடவென்று படித்தான். என் அக்கா மகளுக்குக் கண்ணெல்லாம் மின்னுது. நான் மெதுவாகப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தேன். அப்பவும் கடகடவென்று படித்தான்! (பலத்த சிரிப்பு) பையன் மேல் குற்றமில்லை. எந்தப் பள்ளிப் பிள்ளையும் இதைச் செய்யும். நாம்தான் மனப்பாடத்தைக் கேட்டுவிட்டுப் படிப்பு என்று நம்புகிறோம்.

2005இலிருந்து ‘பிரதம்’ என்ற அமைப்பின் முயற்சியாலே ‘அசர்’ என்று ஓர் ஆய்வு நடக்கிறது. கிராமங்களிலே வீட்டுக்கே போவார்கள். பிள்ளை கையிலே ஒரு தாளைக் கொடுப்பார்கள். எழுத்து, சொல், சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலே ஒரு கதை. எதுவரை படிக்கிறது பிள்ளை? அவ்வளவுதான் பரீட்சை. இதை எந்தத் தாயும் செய்யலாம். ஒரு துண்டுத் தாள் போதும்.

நானும் ஒரு தாளிலே எழுதிக்கொண்டேன்: ‘எங்கள் வாய்க்காலில் கெண்டை மீன் துள்ளியது.’ எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது. மறுநாள் அக்கா மகளோடு யூனியன் ஸ்கூலுக்குப் போனேன். தலைமையாசிரியை அம்மாவிடம் அனுமதி வாங்கினேன். நேராகப் பின்பக்கம் போனேன். “என்ன மாமா, பள்ளிக்கூடம் பாக்க வந்துட்டு கக்கூசைப் பாக்கறீங்களே!” என்றாள். (சிரிப்பு) உள்ளே தண்ணீர் இருக்கிறதா, பிள்ளைக்கு எட்டுகிற உயரத்திலே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்தேன். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் பயந்து, நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிற பெண் பிள்ளைக்கு எந்தப் பாடம் ஏறும்?

‘இது எங்க கட்சி, இது கட்டடம்’ என்று தங்கை சிரிக்கிறாங்க. கட்டினவர் காண்டிராக்டர், சரி. தாழ்ப்பாள் போனால் மறுநாளே மாற்றுகிறவர் யார்? பிள்ளையின் கஷ்டம் தெரிந்த ஓர் ஆசிரியர்! இது எங்க கட்சிதான் அம்மா! (கைதட்டல்)

அப்புறம் வகுப்பு. நாற்பத்துச் சொச்சம் பிள்ளைகள், ஐந்து வகுப்பு, இரண்டே ஆசிரியர்கள். கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1இலே நடைமுறைக்கு வந்தது. அறுபது பிள்ளை வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்பது அதன் கணக்கு. பிள்ளையை எண்ணினார்கள், வகுப்பை எண்ணவில்லை. ஒரே ஆசிரியர் ஒரே நேரத்திலே மூன்று வகுப்பு! நம்ம வீட்டிலே ஒரு பிள்ளையை வீட்டுப்பாடம் செய்ய வைக்க முடியவில்லை. (சிரிப்பு)

சுவரோரத்திலே, கடைசியிலே ஒரு பையன். நாலாம் வகுப்பு. தாளைக் கொடுத்தேன். குத்தூசியை அடியிலே குத்தினேன். “வா... ய்... க்...” கூட்டிக் கூட்டி வந்தான். ‘துள்ளியது’ என்ற இடத்திலே நின்றுவிட்டான். என் அக்கா மகள் முகம் வாடிப்போச்சு. ‘நாலாவது படிக்கிறவன் இதைப் படிக்கலையே மாமா’ என்று கண்ணாலேயே கேட்டாள்.

தலைமையாசிரியை அம்மா மறைக்கவில்லை. நோட்டை விரித்தார்கள். 2022இலே வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலே பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். அந்த நோட்டிலே பெயர் பெயராக எழுதியிருந்தது. “சார், இவன் அப்பா அம்மா செங்கல் சூளைக்குப் போயிருந்தாங்க. ரெண்டு வருஷம் பள்ளிக்கூடமே பாக்கலை. ஜூன்லே வரும்போது எழுத்தே தெரியாது. இப்போ சொல் கூட்டறான். பொங்கலுக்குள்ளே வாக்கியம் வந்துடும்” என்றார்கள். அன்றைக்கு ஒரு பெண் வரவில்லை. ஏன் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “அவ அம்மா நடவுக்குப் போயிருக்காங்க, தம்பியைப் பாத்துக்கறா. சாயங்காலம் போய்ப் பேசணும்” என்றார்கள். பிள்ளை எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது, அடுத்த படி எது? இந்த மூன்றும் தெரிந்த ஆசிரியர் இருக்கிற இடம்தான் நல்ல பள்ளிக்கூடம்!

குறை இல்லையா? இருந்தது. கணக்கு நோட்டு எல்லாவற்றிலும் விடை சரி. ஒரு பிள்ளையிடம் அதே கணக்கிலே எண்ணை மட்டும் மாற்றிக் கேட்டேன். விழித்தது. கரும்பலகையைப் பார்த்து எழுதின கணக்கு அது. சொன்னேன். அம்மா கோபப்படவில்லை. “அந்த வகுப்புக்கு நேரம் பத்தலை சார், உண்மைதான்” என்றார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரம். 1956இலே காமராசர் காலத்திலே பள்ளியில் போட்ட சோறு, 1982இலே சத்துணவாக விரிந்தது. 2023 ஆகஸ்ட் 25 அன்று, நம்ம பக்கத்துத் திருக்குவளையிலேதான் காலை உணவையும் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்துத் தொடங்கினார்கள். சோறு வந்துவிட்டது. நான் பார்த்தது வேறு. யார் பக்கத்திலே யார் உட்காருகிறார்கள்? வகுப்பைக் கூட்டுகிற விளக்குமாறு யார் கையிலே இருக்கிறது? தெரு பார்த்து வரிசை பிரிந்திருந்தால், அந்தப் பள்ளி நூற்றுக்கு நூறு வாங்கினாலும் நான் சைபர்தான் போடுவேன்! (நீண்ட கைதட்டல்) அங்கே ஒரே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் வாய் சாப்பிட்டுப் பார்த்தது ஆசிரியை.

நடுவர் அவர்களே, இந்தக் குடவாசலுக்கு ஒரு பழைய கதை உண்டு. புறநானூற்றின் 74ஆம் பாட்டுக்குக் கீழே உள்ள குறிப்பு சொல்கிறது. சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானிடம் தோற்று, இந்தக் குடவாயில் கோட்டத்துச் சிறையிலே கிடந்தான். தாகம். தண்ணீர் கேட்டான். காவலர்கள் உடனே தரவில்லை. இழுத்தடித்து, அப்புறம் கொண்டுவந்து கொடுத்தார்கள். கையிலே வாங்கினான். குடிக்கவில்லை. பாட்டைச் சொல்லிவிட்டு உயிரை விட்டான்.

அவன் அரசன், மானம் பெரிது என்கிறோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மானம் இல்லையா? ‘டீச்சர், எனக்குப் புரியலை’ என்று கேட்கிறதே, அதுதான் தாகம். ‘இது கூடப் புரியலையா மக்கு’ என்று சொல்லிவிட்டு, அப்புறம் எவ்வளவு அருமையாகப் பாடம் நடத்தினாலும் அந்தப் பிள்ளை குடிக்காது. நோட்டிலே எழுதிக்கொள்ளும், உள்ளே இறக்காது. தண்ணீர்க் குடம் தங்கமா மண்ணா என்பது கட்டடம். கேட்ட நேரத்திலே, முகம் கோணாமல் கொடுத்தார்களா என்பது கற்பித்தல். எது தரம்? தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். (கைதட்டல்)

அக்கா மகள் என்ன செய்தாள்? இந்த ஜூனிலே குழந்தையை யூனியன் ஸ்கூலிலே சேர்த்துவிட்டாள். வளையல் கையிலே இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் சேர்ந்துவிட்டாள். சட்டப்படி அந்தக் குழுவிலே முக்கால்வாசிப் பேர் பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். முதல் கூட்டத்திலேயே எழுந்து, “கணக்குக்கு எப்போ டீச்சர் நேரம் ஒதுக்குவீங்க? இன்னொரு டீச்சர் கேட்டு மனுக் கொடுக்கணும்னா நான் கையெழுத்துப் போடறேன்” என்றாளாம். தாய்மார்களே, பள்ளியை எடை போட்டுவிட்டு ஓடிப்போகிறவர்கள் வியாபாரிகள். எடை போட்டுவிட்டு, குறையை நிரப்ப உட்காருகிறவர்கள்தான் பெற்றோர்.

பொங்கலுக்கு அந்த ஊருக்குப் போயிருந்தேன். வாய்க்கால் மதகிலே அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தான்.

“சார், அந்தத் ‘துள்ளியது’ படிச்சுட்டேன் சார். வேற சீட்டு வச்சிருக்கீங்களா?”

என் சட்டைப் பையிலே தாள் இல்லை நடுவர் அவர்களே. பஸ் டிக்கெட்டின் பின்னாலே எழுதிக் கொடுத்தேன்.

வேற சீட்டு கேட்க வைத்தது கட்டடமா, கற்பித்தலா? சொல்லுங்கள்.

(பலத்த கைதட்டல்)